பொரிப்பகக் குஞ்சுகளைக் கழிமுகத்தில் விடுவது எப்படி: டர்பன் கரையோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நடால் கரையில் தூண்டில் போடும் நம் மக்கள் கூடும் இடங்களில் ஒரு யோசனை திரும்பத் திரும்ப எழுகிறது. கழிமுகங்களில் மீன் குறைந்துவிட்டது. பொரிப்பகங்களில் குஞ்சுகள் கிடைக்கின்றன. சங்கமாகச் சேர்ந்து பணம் திரட்டி வாங்கி விட்டால் என்ன என்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது கார்னூபியாவில் எரிந்த இரசாயனக் கிடங்கிலிருந்து வழிந்த நஞ்சு ஓஹ்லாங்கா கழிமுகத்தில் மீன்களைக் கொன்றது. 2022 ஏப்ரல் வெள்ளம் ஆறுகளையெல்லாம் சேறும் குப்பையுமாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இவற்றுக்குப் பிறகு அந்த யோசனைக்கு வலு கூடியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் குஞ்சு விடுவது நன்மை செய்யும் இடங்கள் சில, பயனற்றுப் போகும் இடங்கள் பல, எஞ்சியிருக்கும் இயற்கை மீனுக்கே கேடு செய்யும் இடங்களும் உண்டு. எது எவ்விடம் என்று முன்கூட்டியே கண்டறிய முடியும் என்பதால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே மீனை எடுத்துக்கொள்கிறேன். இங்கே கோப் என்றும், பழைய தூண்டில்காரர் வாயில் டாகா சால்மன் என்றும் வழங்கும் மீன் அது. அறிவியல் பெயர் ஆர்கைரோசோமஸ் ஜப்பானிகஸ். தமிழ்நாட்டுக் கரையில் கத்தாளை என்று விற்கிறார்களே, அதே குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் ஆளுயரத்துக்கு வளரக்கூடியது, 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஈஸ்ட் லண்டன் பகுதியில் இதைத் தொட்டிகளில் முட்டையிட வைத்து வளர்த்திருக்கிறார்கள் என்பதால், குஞ்சு கிடைக்குமா என்ற கேள்வி இம்மீனுக்கு எழுவதில்லை.

முதல் படி: குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு மீன் குறைவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும்: முட்டையிடும் பெரிய மீன்கள் போதவில்லை, குஞ்சு வளரும் இடம் சுருங்கிவிட்டது, வளர்ந்துவரும் மீனை முட்டையிடும் முன்பே பிடித்துவிடுகிறோம். குஞ்சு விடுவது முதல் குறைக்கு மட்டுமே நேரடியான மருந்து. வளரும் இடம் காலியாக இருந்து, அங்கே வந்து சேரும் குஞ்சு குறைவாக இருந்தால்தான் நாம் விடும் குஞ்சு அந்த வெற்றிடத்தை நிரப்பும். இடமே இல்லாத கழிமுகத்தில் விட்டால், ஏற்கெனவே அங்கிருக்கும் இயற்கைக் குஞ்சின் இரையைப் பிடுங்கிக்கொண்டு இரண்டும் மெலியும்.

கோப் மீனின் வாழ்க்கையைப் பார்த்தால் இது தெளிவாகும். பெரிய மீன்கள் கடலில் இரவில் முட்டையிடுகின்றன. 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளத்தில் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் நுழைகின்றன. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆகும்வரை கழிமுகமே அவற்றுக்கு நாற்றங்கால். அதன் பிறகு அலையடிக்கும் கரைக்கும் கழிமுகத்துக்குமாகப் போய்வருகின்றன. பெண் மீன் பருவமடைய ஒரு மீட்டருக்கு மேல் வளர வேண்டும். 1990-களில் இங்கு நடந்த ஆய்வுகள், ஒரு குஞ்சு தன் வாழ்நாளில் தரக்கூடிய முட்டையிடும் திறன், மீன்பிடிப்பே இல்லாத நிலையில் இருந்திருக்கக்கூடியதில் 1 முதல் 4.5 விழுக்காடு அளவுக்குத் தேய்ந்துவிட்டதாகக் கணக்கிட்டன. அப்படியானால் தாய்மீன் பற்றாக்குறை உண்மை. ஆனால் அந்தத் தாய்மீன்கள் ஏன் குறைந்தன என்றால், பருவமடையாத மீன்களையே நாம் தொடர்ந்து பிடித்துவந்ததுதான் காரணம். அந்தப் பிடிப்பு அப்படியே இருக்கையில் எத்தனை குஞ்சு விட்டாலும் அவையும் அதே தூண்டிலுக்கே போகும். எனவே மீனின் அளவு வரம்பையும், ஒரு நாளில் பிடிக்கலாகும் எண்ணிக்கையின் வரம்பையும் உங்கள் சங்கத்திலேயே கடைப்பிடிக்க முடியவில்லையென்றால் இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குப் பயன்படாது.

டர்பன் விரிகுடா இரண்டாம் வகைக் குறைக்கு உதாரணம். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்திறங்கிய பிறகு, ஒப்பந்தம் முடிந்த குடும்பங்களில் சில சாலிஸ்பரி தீவில் குடியேறிக் கரைவலை இழுத்துப் பிழைத்தன. அவர்கள் வலைவீசிய சேற்றுத் திட்டுகளும் அலையாத்திக் காடுகளும் பெருமளவு துறைமுகத்துக்காகத் தூர்க்கப்பட்டும் தோண்டப்பட்டும் போய்விட்டன. அங்கே காணாமல் போனது குஞ்சு வளரும் இடம். பொரிப்பகத்தால் அந்த இடத்தைத் தயாரித்துத் தர முடியாது.

ஓஹ்லாங்கா இன்னொரு வகை. அதன் முகத்துவாரம் மணலால் அடைபட்டும் உடைந்தும் மாறி மாறி இருக்கும். தண்ணீர் தேறி, முகத்துவாரம் திறந்தால் மடவை போன்ற மீன்களின் குஞ்சுகளைக் கடலே கொண்டுவந்து விடும், அதற்கு ஒரு ராண்டும் செலவில்லை. தண்ணீர் தேறாத நிலையில் விட்டாலோ புதுக் குஞ்சும் செத்துப்போகும். முகத்துவாரம் அடைபட்டிருக்கும்போது விட்ட கோப் குஞ்சு வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்டறிவது எப்படி? சிறுகண் வலையால் கழிமுகத்தின் பல இடங்களில், அனுமதி பெற்று, ஓராண்டாவது மாதாமாதம் மாதிரி எடுக்க வேண்டும். குஞ்சு எத்தனை, எந்த நீளம், வயிற்றில் இரை இருக்கிறதா, தண்ணீரின் உயிர்வளியும் உப்பும் வெப்பமும் என்ன என்று எழுதிவைக்க வேண்டும். குஞ்சு குறைவாக இருந்து, இருப்பவை கொழுத்திருந்தால் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். இருப்பவையே மெலிந்திருந்தால் அங்கே எதையும் விடாதீர்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. நார்வேயின் ஃப்ளோடேவிகனில் 1882-இல் தொடங்கிய பொரிப்பகம், பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான காட் மீன் நுண்குஞ்சுகளைக் கடலில் விட்டது. 1971-இல் அது நிறுத்தப்பட்டது. அதுவரையில் மீன்வளம் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. எத்தனை விட்டோம் என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

இரண்டாம் படி: நோக்கத்தை எண்ணாக எழுதுங்கள்

மீன்வளம் பெருக வேண்டும் என்று எழுதினால் அது வேண்டுதல். நோக்கம் என்றால், எந்தக் கழிமுகத்தில், எத்தனை ஆண்டில், எந்த அளவு மீன், எத்தனை கூடுதலாக என்று இருக்க வேண்டும். கூடவே செலவுக் கணக்கும் போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 20,000 குஞ்சு, அடையாளமிடுவது உட்பட ஒன்றுக்கு 15 ராண்ட் என்று வைத்தால் 3,00,000 ராண்ட். அவற்றில் 4 விழுக்காடு பிடிக்கத்தகும் அளவுக்கு வளர்ந்தால் 800 மீன். அதில் கால்பங்கு தூண்டிலில் சிக்கினால் 200. ஒரு மீனுக்கு 1,500 ராண்ட் ஆகிறது. பிழைப்பு விகிதம் இரட்டித்தால் 750. இந்தக் கணக்கில் மிகவும் ஆடுவது பிழைப்பு விகிதம்தான் என்பதைக் கவனியுங்கள். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணை உயர்த்துவதற்கானவை. அதே பணத்தில் கரையோரக் கண்காணிப்புக்கோ அலையாத்தி நடுவதற்கோ என்ன செய்ய முடியும் என்பதையும் அதே தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

கடலிலும் கழிமுகத்திலும் 1998-ஆம் ஆண்டின் கடல்வாழ் உயிர்வளச் சட்டமும், உயிரினங்களை இடம்மாற்றுவதில் 2004-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டமும் பொருந்தும். நடுவண் அரசின் வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறையிடமும், நம் மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வேலோவிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அனுமதியில்லாமல் ஒரு வாளிக் குஞ்சைக்கூட விடக்கூடாது. அணைகளில் பாஸ், கெண்டை, டிரவுட் விடலாமே என்பவர்கள் உண்டு. இவை மூன்றும் இந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தவை, தனி விதிகளுக்கு உட்பட்டவை, நாட்டு மீனை உண்பவை அல்லது அதன் இருப்பிடத்தைக் கெடுப்பவை. இயல்மீனேயானாலும், ஓர் ஆற்றுப்படுகையில் பிடித்ததை வேறோர் ஆற்றுப்படுகையில் விடுவது அந்தந்த ஆற்றுக்கெனத் தகவமைந்த மரபைக் கலைத்துவிடும். நம் மாகாணத்துக்கே உரிய ஸ்கேலி என்னும் ஆற்று மீனை ஆற்றுக்கு ஆறு மாற்றக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நான்காம் படி: தாய்மீன்

கெடுதல் நிகழும் இடம் பெரும்பாலும் இதுதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஒரு பெரிய கோப் பெண்மீன் ஒரே காலத்தில் இலட்சக்கணக்கான முட்டையிடும். ஆகவே சில மீன்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கழிமுகத்துக்கே வேண்டிய குஞ்சுகளை உற்பத்தி செய்துவிடலாம். பொரிப்பகத்துக்கு இது வசதி, இயற்கைக்கு ஆபத்து. 1991-இல் ரைமன், லைக்ரே என்னும் இரு மரபியலாளர்கள் இதைக் கணக்காகவே காட்டினார்கள். அடுத்த தலைமுறையில் பொரிப்பகத்தின் பங்கை வர்க்கமாக்கி (தன்னாலேயே பெருக்கி), பொரிப்பகத்தில் உண்மையில் பெற்றோரான மீன்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வாறே இயற்கையின் பங்கை வர்க்கமாக்கி இயற்கைப் பெற்றோர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்டித் தலைகீழாக்கினால் மொத்தக் கூட்டத்தின் பயனுறு எண்ணிக்கை, அதாவது மரபு வளத்தில் அது எத்தனை பெற்றோருக்குச் சமம் என்பது, கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். இயற்கையில் 500 பெற்றோர், பொரிப்பகத்தில் 10 பெற்றோர், அடுத்த தலைமுறையில் சரிபாதி பொரிப்பகக் குஞ்சு என்று கொண்டால், 0.25-ஐ 10-ஆல் வகுத்தது 0.025, 0.25-ஐ 500-ஆல் வகுத்தது 0.0005. கூட்டினால் 0.0255, தலைகீழாக்கினால் 39. ஐந்நூறாக இருந்த மரபு வளம் ஒரே தலைமுறையில் 39-க்கு இறங்கிவிடுகிறது, அதுவும் கடலில் மீன் எண்ணிக்கை கூடியதாக எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே. பொரிப்பகப் பெற்றோரை 100 ஆக்கினால் அதே பாதிப் பங்குக்கு 333 வரும். பெற்றோர் 10 ஆகவே இருந்து, பொரிப்பகத்தின் பங்கை 10 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தினால் 382 வரும். எனவே நிறையத் தாய்மீன், குறைந்த பங்கு என்ற இரண்டும் வேண்டும்.

தொட்டியில் 40 மீன் இருப்பதால் 40 பெற்றோர் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டமாக முட்டையிடும் இம்மீனில் ஓர் இரவின் முட்டைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பெண்களுடையவையாக இருக்கலாம். ஆகவே பல இரவுகளின் முட்டைகளைச் சம அளவில் எடுத்து, தனித்தனியே பொரித்து, குஞ்சுகளின் மரபணுவைச் சோதித்து எந்தத் தாய் தந்தையின் பிள்ளைகள் எத்தனை என்று பார்த்த பிறகே கலக்க வேண்டும். தாய்மீன்கள் குஞ்சு விடவிருக்கும் அதே கரையோரக் கூட்டத்திலிருந்து பிடிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். பண்ணைக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மீனின் குஞ்சு விலை குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஹுட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்னும் டிரவுட் மீனை ஆய்ந்தவர்கள், அடைத்து வளர்த்த ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கையில் சந்ததி பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதாக 2007-இல் கண்டார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீனையே மீண்டும் தாய்மீனாக்குவதை அதனால்தான் அறவே தவிர்க்கச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: வளர்ப்பு

இதைப் பொரிப்பகத்தார் அறிவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்று உயிருணவில் தொடங்கும் குஞ்சு, தீவனத்துக்கு மாறும் பருவத்தில் தன்னினத்தையே கடித்து விழுங்கும். அளவு வாரியாகப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். முதுகு வளைந்தது, செவுள்மூடி குறைந்தது, தாடை கோணியது ஆகியவற்றைக் கழிக்கச் சொல்லுங்கள். நோடா வைரஸ், ஒட்டுண்ணி இரண்டும் இல்லை என்னும் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாத தொகுதியை ஏற்காதீர்கள். கழிமுகத்தில் ஒரு நோயை விட்டுவிட்டால் திரும்ப அள்ள முடியாது. கடைசி இரண்டு வாரங்களாவது உயிருள்ள சிற்றிறாலைப் போட்டு வேட்டையாடப் பழக்க வேண்டும். கை நிழலைக் கண்டால் தீவனம் என்று மேலே வரும் குஞ்சை மீன்கொத்தி முதல் நாளே தூக்கிவிடும்.

ஆறாம் படி: அடையாளம்

அடையாளமிடாத குஞ்சை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்னாளில் பிடிபடும் மீன் யாருடையது என்று சொல்ல முடியாவிட்டால், செய்த வேலை பலித்ததா என்று எவராலும் கூற இயலாது.

சிறு குஞ்சுகளுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்த நீரில் அமிழ்த்துவது ஒரு முறை. மருந்து என்பதால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். அது சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொண்டு மீனின் செவிக்கல்லில் படியும். பிற்பாடு பிடிபட்ட மீனின் மண்டையைத் திறந்து, வெண்மையான அந்தக் கல்லை எடுத்து, மெல்லிய சீவலாகத் தேய்த்து, புறஊதா வெளிச்சத்தில் நுண்ணோக்கியில் வைத்தால், வளர்ச்சி வளையங்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் வளையம் ஒளிரும். அதற்கு உள்ளே இருப்பது தொட்டியில் வளர்ந்த காலம், வெளியே இருப்பது கழிமுகத்தில் வளர்ந்த காலம். சற்றுப் பெரிய குஞ்சுக்கு 1.1 மில்லிமீட்டர் நீளக் குறியிட்ட கம்பித் துண்டைத் தசையில் செலுத்தலாம். மீனைக் கொல்லாமலே, அந்தத் துண்டு உள்ளே இருப்பதைக் கருவி வைத்து அறியலாம். தாய்மீன்களின் மரபணு பதிவாகியிருந்தால், பிடிபட்ட மீனின் துடுப்பில் ஒரு நறுக்கே போதும், நாற்பது வயதிலும் அந்த அடையாளம் அழியாது. ஜப்பானில் பொரிப்பகத்தில் வளர்ந்த மடாய் (சிவப்புக் கடல் பிரீம்) மீன்களில் பலவற்றுக்கு மூக்குத் துளைகள் ஒட்டிப்போயிருக்கும். அந்தக் குறையையே அங்கே அடையாளமாகக் கொண்டு எண்ணுகிறார்கள். குறை கிடைக்கும் என்று நம்பி நாம் இருக்க முடியாது.

ஏழாம் படி: எங்கே, எப்போது, எந்த அளவில், எத்தனை

நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இதே கோப் மீன் ஆஸ்திரேலியாவில் மலோவே என்ற பெயரில் வாழ்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதைக் கழிமுகங்களில் விட்டு ஒலி அனுப்பும் குறிகளால் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இளமீன்கள் ஆற்றின் ஆழமான மடுக்களையே நாடுகின்றன என்பது அங்கே தெரியவந்தது. எனவே கரையோரம் வண்டி நிறுத்த வசதியான இடத்தில் கொட்டுவதைவிட, படகில் ஏறி மடுவைத் தேடிப்போவதே முறை. எத்தனை விடலாம் என்பதையும் அவர்கள் இரையிலிருந்து கணக்கிட்டார்கள். கழிமுகத்தில் சிற்றிறாலும் மைசிட் போன்ற நுண்ணிறாலும் எவ்வளவு உற்பத்தியாகின்றன, ஒரு குஞ்சு நாளொன்றுக்கு எவ்வளவு உண்ணும், மற்ற மீன்களுக்கு மிஞ்ச வேண்டியது எவ்வளவு என்று பார்த்து அதற்குள் அடங்கும் எண்ணிக்கையை வகுத்தார்கள். கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு எண்ணிக்கையை முடிவு செய்யும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அளவையும் பருவத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஹவாய்த் தீவுகளில் மடவைக் குஞ்சுகளைப் பல அளவுகளில் பல பருவங்களில் விட்டுப் பார்த்தபோது, கோடையில் விட்ட சிறியவை ஏறத்தாழ மறைந்தே போயின. இயற்கைக் குஞ்சு கரைக்கு வரும் வசந்த காலத்தில் விட்ட சிறியவையோ பெரியவற்றுக்கு இணையாகப் பிழைத்தன. நம் கரையிலும் இயற்கைக் குஞ்சு எந்த மாதத்தில் எந்த நீளத்தில் உங்கள் வலையில் விழுகிறதோ, அந்த மாதத்தையும் அந்த நீளத்தையும் ஒட்டியே விடுங்கள். முதல் படியில் எழுதிவைத்த ஓராண்டுக் குறிப்பேடு இங்கே கைகொடுக்கும்.

உம்கேனி கழிமுகத்தை நினைப்பவர்களுக்கு ஒரு சொல். முகத்துவாரம் பெரும்பாலும் திறந்திருப்பதும், பீச்வுட் அலையாத்திக் காடு அருகிருப்பதும் அதன் நல்ல பக்கங்கள். கழிவுநீர் கலக்கும் காலங்களில் உயிர்வளி சரிந்துவிடுவது கெட்ட பக்கம். விடும் வாரத்தில் அதிகாலை உயிர்வளியை அளக்காமல் முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் இரவெல்லாம் செலவாகி அது மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான்.

எட்டாம் படி: விடும் நாள்

ஒரு நாள் முன்னதாகவே தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த மீன் பையிலுள்ள நீரைக் கெடுக்கும். உயிர்வளி நிரப்பிய பைகளை மாலையில் கொண்டுவந்து, இருட்டத் தொடங்கி, ஓதம் ஏறும் நேரத்தில் விடுவது நல்லது. பறவைகளின் பார்வையும் குறையும், வெளிநோக்கி இழுக்கும் நீரோட்டமும் இராது.

பையைக் கட்டவிழ்க்காமல் அரைமணி நேரம் நீரில் மிதக்க விடுங்கள். கைவைத்துப் பார்த்து இருபக்கமும் சமமாகத் தோன்றினால் போதாது, வெப்பமானியால் அளங்கள். பிறகு பையைத் திறந்து, ஒரு குவளை கழிமுக நீரை ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள், மீண்டும் ஒரு குவளை. தொட்டியின் உப்பும் கழிமுகத்தின் உப்பும் வெகுவாக வேறுபட்டால் இந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும், அவசரப்படாதீர்கள். தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும் குஞ்சு இருந்தால், அந்தப் பையை விடாமல் தனியே வையுங்கள். கடைசியில் பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். மேலிருந்து கொட்ட வேண்டாம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் விட்டால் பருந்துக்கும் பெரிய மீனுக்கும் விருந்து வைத்ததாகும், ஆகவே பல மடுக்களில் பிரித்து விடுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் நூறு குஞ்சை அதே கழிமுகத்தில் வலைக்கூண்டில் இரண்டு நாள் வைத்திருங்கள். கூண்டில் இறந்தவை எத்தனை என்பதிலிருந்து, பயணத்தால் இறந்தவை எத்தனை என்று தெரியும். அதைக் கழிக்காமல் பிழைப்பு விகிதம் கணக்கிட்டால் பழி கழிமுகத்தின் மேல் விழும்.

ஒன்பதாம் படி: பின்தொடர்தல்

அதே சிறுகண் வலை, அதே இடங்கள், அதே மாத அட்டவணை. குஞ்சு விடாத ஒரு பக்கத்துக் கழிமுகத்திலும் அதே வேலையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நல்ல மழையால் வந்த பெருக்கத்தை நம் கணக்கில் எழுதிக்கொள்வோம். வலையில் விழும் மீனில் அடையாளமுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்ற விகிதத்தோடு, அடையாளமில்லாதவற்றின் மொத்த எண்ணிக்கை குறைகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். அடையாளமுள்ளவை பெருகி, இல்லாதவை அதே அளவு சரிந்தால், ஒரு மீனை எடுத்துவிட்டு இன்னொரு மீனை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தூண்டில்காரர்களின் உதவி இங்கே பெரிது. ஓ.ஆர்.ஐ. என்னும் டர்பன் கடலாய்வு நிறுவனம் 1984 முதல் தன்னார்வத் தூண்டில்காரர்களைக் கொண்டு மீன்களுக்குக் குறியிட்டு விடுவித்துவருகிறது. குறியெண், நீளம், இடம், நாள் ஆகியவற்றை எழுதி அனுப்பும் பழக்கம் நம் கரையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால், உங்கள் திட்டத்தைத் தனியாக நடத்தாமல் அவர்களோடு கலந்து வகுப்பதே நல்லது. சங்க உறுப்பினர்கள் பிடித்த கோப் மீனின் தலைகளை எறியாமல் உறையவைத்துக் கொடுத்தாலே செவிக்கல் ஆய்வுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதை முதல் குஞ்சை விடும் முன்பே எழுத்தில் வையுங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சிறு எண்ணிக்கையில் வெள்ளோட்டம் விட்டு, பிழைப்பு விகிதம் நீங்கள் குறித்த அளவைத் தொடவில்லையென்றாலோ, இயற்கைக் குஞ்சு மெலிந்தாலோ, மரபணுச் சோதனையில் பொரிப்பகத்தின் பங்கு வரம்பைத் தாண்டினாலோ, அந்த ஆண்டே விடுவதை நிறுத்திவிட்டு எஞ்சிய பணத்தைக் கண்காணிப்புக்கும் அலையாத்திக்கும் திருப்ப வேண்டும். அந்தத் தாளில் சங்கத் தலைவர், பொரிப்பகத்தார், ஆய்வாளர் மூவரும் கையெழுத்திட்ட பிறகு தாய்மீன் பிடிக்கும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.